கல்லூரியில் கவுன்சிலர் இருக்கிறாரா?

பல கல்லூரிகளில் கவுன்சிலர் அறை நிர்வாகக் கட்டடத்துக்குள்தான் இருக்கும். பக்கத்தில் முதல்வர் அறை, எதிரே ஃபீஸ் கவுன்ட்டர். அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிறவரை, பணம் கட்ட வரிசையில் நிற்கும் பாதி வகுப்பு பார்த்துவிடும். சில கல்லூரிகளில் அறையே கிடையாது. நோட்டீஸ் போர்டில் ‘மாணவர் ஆலோசனை மையம்’ என்று ஒரு தாள், அதில் இரண்டு பேராசிரியர்களின் பெயர், அவ்வளவுதான். இன்னும் சிலவற்றில் அறை உண்டு, மேஜை உண்டு, புதுத் திரைச்சீலைகூட உண்டு. கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு ஆய்வுக்கு வரும் வாரத்தில் மட்டும் உள்ளே ஆள் இருப்பார். முழுநேர உளவியலாளரை நியமித்து, ஒதுக்குப்புறமாக ஓர் அறை கொடுத்து, மனதார நடத்தும் கல்லூரிகளும் இருக்கத்தான் செய்கின்றன. உங்கள் கல்லூரி இதில் எந்த ரகம் என்று தெரிந்துகொள்வது முதல் வேலை. மனம் நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். மூன்று நாள் தூங்காதவரால் எந்த மாடியில் எந்த அறை என்று விசாரித்துக்கொண்டு அலைய முடியாது.

விசாரிப்பதில் கூச்சம் வேண்டாம். கவுன்சிலர் வைப்பது கல்லூரி காட்டும் கருணை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த 17 வயது மாணவி ஒருவரின் மரணம் தொடர்பான வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்குமான சில நெறிமுறைகளை வகுத்தது. அதன்படி 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் எந்தக் கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஒரு கவுன்சிலரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ வைத்திருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிறுவனங்கள் வெளியில் உள்ள நிபுணர்களோடு முறையான ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் இணையதளத்திலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். ஊழியர்கள் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும். தனிச் சட்டம் வரும்வரை இந்த நெறிமுறைகளே கட்டுப்படுத்தும் என்றும் சொன்னது. உங்கள் கல்லூரியில் யாரும் இல்லையென்றால், இந்தத் தேதியைக் குறிப்பிட்டு முதல்வருக்கு ஒரு மனு எழுதலாம். தனியாக எழுதாதீர்கள். வகுப்புப் பிரதிநிதிகள் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், ‘உனக்கு என்ன பிரச்சினை?’ என்று ஒருவரை மட்டும் கூப்பிட்டுக் குடைய மாட்டார்கள்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ‘மனநல நல்லாதரவு மன்றம்’ என்ற பெயரில், சுருக்கமாக ‘மனம்’ என்று, 2022 டிசம்பரில் தமிழக அரசு ஓர் அமைப்பைத் தொடங்கியது. உங்கள் கல்லூரியில் அது எப்படி நடக்கிறது என்பதை சீனியர்களிடம் கேளுங்கள். இந்த மாதிரி விஷயத்தில் சுற்றறிக்கையைவிட சீனியர் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

அறையில் உட்கார்ந்திருப்பவர் யார்?

‘கவுன்சிலர்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வது சுலபம். அதனால் பலகையை விட்டுவிட்டுப் படிப்பைப் பாருங்கள். கல்லூரிக் கவுன்சிலர்களில் பலர் உளவியலிலோ ஆலோசனை உளவியலிலோ முதுகலை முடித்தவர்கள், அல்லது சமூகப் பணி படித்தவர்கள். தேர்வுப் பயம், வீட்டு நினைவு, காதல் முறிவு, அறைத் தோழர் சண்டை, படிப்பில் பிடிப்பு விட்டுப்போவது போன்றவற்றுக்கு இவர்கள் போதும். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ எனப்படும் மருத்துவ உளவியலாளர் அதற்கு மேல் எம்.ஃபில். போன்ற பயிற்சியை மருத்துவமனைச் சூழலில் முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். பதிவு எண்ணைக் கேட்டால் சொல்ல வேண்டியது அவர் கடமை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மாத்திரை எழுதித் தரும் உரிமை இந்த மூவரில் இவருக்கு மட்டும்தான் உண்டு.

பேராசிரியரே கவுன்சிலராக இருந்தால்? இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பாடம் எடுப்பவரோ, இன்டர்னல் மார்க் போடுபவரோ, ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் இருப்பவரோ உங்களுக்குக் கவுன்சிலராக இருக்கக் கூடாது. அவர் தங்கமான மனிதராக இருக்கலாம்; பிரச்சினை அவருடைய குணத்தில் இல்லை. இரண்டு நாற்காலியில் ஒரே ஆள் உட்கார முடியாது. அவரிடம் அரியர் பற்றிப் பேசலாம், உதவித்தொகை பற்றிப் பேசலாம், ‘மென்டார்’ என்ற முறையில் அவர் உதவுவார். உள்ளே புழுங்குவதைப் பேச வேறொருவரைத் தேடுங்கள்.

எப்போது போவது?

‘என்னைவிடக் கஷ்டப்படுறவங்க இருக்காங்க, இதுக்கெல்லாம் போகணுமா?’ என்ற கேள்வியில்தான் பலர் ஆறு மாதத்தைத் தொலைக்கிறார்கள்.

தருமபுரிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் பொறியியல் படிக்க வந்த ஒரு மாணவியை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, பள்ளியில் முதலிடம், வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். வீட்டில் சொல்லவில்லை. மெஸ்ஸில் எல்லாரும் ரிசல்ட் பற்றியே பேசுகிறார்கள் என்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டு அறையிலேயே பிஸ்கட் தின்று படுத்துவிடுகிறாள். அம்மா போன் செய்தால் ‘கிளாஸ்ல இருக்கேன்மா’ என்று வெட்டிவிடுகிறாள். அப்போது மணி இரவு எட்டரை. ஞாயிற்றுக்கிழமை துவைக்க ஊறவைத்த துணி வியாழக்கிழமையும் பக்கெட்டிலேயே கிடந்து நாற்றமெடுக்கிறது. அறைத் தோழி கேட்டால், ‘ஒண்ணுமில்லடி, டயர்டா இருக்கு.’

இவளுக்கு ‘நோய்’ இருக்கிறதா இல்லையா என்று நீங்களும் நானும் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. அவளும் சொல்ல வேண்டியதில்லை, அதற்குத்தான் ஆள் இருக்கிறது. தூக்கம், சாப்பாடு, குளியல், வகுப்புக்குப் போவது, நண்பர்களோடு பேசுவது ஆகிய இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் போய்ப் பார்க்க அதுவே போதுமான காரணம். அழுகை வர வேண்டும் என்பதில்லை. ஆண் பிள்ளைகள் பலருக்கு அழுகை வராது. எரிச்சல் வரும், தேவையில்லாமல் கை ஓங்குவார்கள், விடிய விடியக் கேம் ஆடுவார்கள், வார இறுதிக் குடி வாரம் முழுக்கக் குடியாகும். அதுவும் இதே கணக்குத்தான்.

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம் கவுன்சிலர் அறையில் இடம் கிடைக்காது. செமஸ்டர் தொடங்கிய மூன்றாம் நான்காம் வாரத்தில் போனால் நிதானமாகப் பேச நேரம் இருக்கும்.

முதலில் கேட்க வேண்டியது

பிரச்சினையைச் சொல்வதற்கு முன் ரகசியத்தைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். பயிற்சி பெற்ற கவுன்சிலர் நீங்கள் கேட்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். நல்ல கவுன்சிலரோடு பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

“மேம், பேசுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“இங்க சொல்றது ஹெச்.ஓ.டி.க்கோ வார்டனுக்கோ போகுமா?”

“போகாது. நீ இங்க வந்தியான்னு கேட்டாக்கூட நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒரு விஷயம். உன் உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னு எனக்குப் பட்டா, அதை நான் தனியா வெச்சுக்க மாட்டேன். அப்பவும் யார்கிட்ட என்ன சொல்லப்போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லிடுவேன்.”

“ரெஜிஸ்டர்ல பேர் எழுதணுமா?”

“உனக்கு ஒரு நம்பர் குடுப்பேன், அதான் எழுதுவேன். ஃபைல் என் பீரோவுல இருக்கும், சாவி என்கிட்ட. மாசக் கடைசியில பிரின்சிபாலுக்கு எத்தனை பேர் வந்தாங்கங்கிற கணக்கு மட்டும் போகும்.”

“வீட்டுக்கு?”

“உனக்கு வயசு பதினெட்டு ஆயிடுச்சா?”

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். 18 வயது நிறைந்தவர் தன் சிகிச்சையைத் தானே முடிவு செய்யலாம். ஆலோசனைக்குப் போக அப்பா கையெழுத்து தேவையில்லை. ஆனால் முதலாம் ஆண்டில் சேரும்போது பலருக்கு 17 வயதுதான். மருத்துவமனையில் சிகிச்சை என்று வந்தால் சட்டப்படி பெற்றோர் உள்ளே வருவார்கள். கல்லூரிக் கவுன்சிலர் 17 வயதுக்காரருக்கு என்ன நடைமுறை வைத்திருக்கிறார் என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

‘அதெல்லாம் பாத்துக்கலாம், முதல்ல பிரச்சினை என்னன்னு சொல்லு’ என்று பதில் வந்தால்? கதவு திறந்து கிடக்கிறது, நடுநடுவே அலுவலக உதவியாளர் ஃபைலோடு உள்ளே வந்து போகிறார் என்றால்? அன்றைக்கு அரியரைப் பற்றிப் பேசிவிட்டு எழுந்து வாருங்கள். சொல்ல நினைத்ததை வேறு இடத்தில் சொல்லிக்கொள்ளலாம். அந்த இடங்கள் கீழே வருகின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-ஆம் பிரிவு, சிகிச்சை தரும் மருத்துவப் பணியாளர்கள் நோயாளியின் தகவலை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மருத்துவமனையில் உங்களைப் பார்க்கும் மனநல மருத்துவரை இது நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. கல்லூரி சம்பளத்தில் இருக்கும் கவுன்சிலர் விஷயத்தில் அவருடைய தொழில் நெறியும் கல்லூரியின் விதிமுறையும்தான் நடைமுறையில் உங்களுக்குக் காவல். அதனால் எழுதி வைத்த விதிமுறை இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, பேசச் சங்கடமானது, ஆனாலும் பேச வேண்டும். சில கல்லூரிகளில் ஒரு மாணவர் ‘செத்துப் போயிடலாம்னு இருக்கு’ என்று சொன்ன மறுநாளே பெற்றோரை வரவழைத்து, ‘கொஞ்ச நாள் வீட்டுல வெச்சுப் பாத்துக்கங்க’ என்று பெட்டியோடு அனுப்பிவிடுகிறார்கள். பயத்தில் செய்கிறார்கள். விடுதியில் ஏதாவது நடந்துவிட்டால் கல்லூரியின் பெயர் கெடும் என்ற பயம். விளைவு, அடுத்த மாணவர் வாயே திறப்பதில்லை. ஆகவே கவுன்சிலரிடம் முன்கூட்டியே, உங்களைப் பற்றி என்று சொல்லாமல் பொதுவாகவே கேளுங்கள்: ‘யாராவது அந்த மாதிரி எண்ணம் இருக்குன்னு சொன்னா இங்க என்ன பண்ணுவீங்க?’ எண்ணம் வருவதற்கும் திட்டம் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த கவுன்சிலர், படிப்படியாக என்ன செய்வார் என்று விளக்குவார். விளக்கம் திருப்தியாக இல்லையென்றாலும் அந்த எண்ணத்தை உங்களுக்குள்ளேயே பூட்டி வைக்காதீர்கள். கல்லூரிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத எண் ஒன்று இருக்கிறது: 14416.

உள்ளே என்ன நடக்கும், என்ன நடக்காது

வழக்கமாக ஒரு சந்திப்பு முக்கால் மணி நேரம் நடக்கும். முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான். தூக்கம், சாப்பாடு, வீட்டில் யார் யார், எப்போதிலிருந்து, முன்பு இப்படி வந்திருக்கிறதா, குடி, புகை, மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்பார். உயிரை விடும் எண்ணம் வந்திருக்கிறதா என்றும் கேட்பார். அது எல்லாரிடமும் கேட்கும் கேள்வி, பதற வேண்டாம். தமிழில் பேசுங்கள். ‘ஐ ஆம் ஃபீலிங் லோ’ என்று வகுப்பறை ஆங்கிலத்தில் தொடங்கினால் நாலாவது வாக்கியத்தில் சொல் தீர்ந்துவிடும். ‘நெஞ்சுல கல்லு வெச்ச மாதிரி இருக்கு மேம்’ என்று தொடங்கியவருக்கு அடுத்த வாக்கியம் தானாக வரும். என்ன சொல்வது என்றே தெரியவில்லையென்றால், முந்தின நாள் காலை எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கேட்பவருக்கு அதிலேயே நிறையக் கிடைக்கும்.

கவுன்சிலர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. ‘அவனை மறந்துடு’, ‘அப்பா அம்மா எவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்க வெக்கிறாங்க தெரியுமா’, ‘கோயிலுக்குப் போ’, ‘ஜிம்முக்குப் போ’ என்ற வகை அறிவுரை மட்டுமே வந்துகொண்டிருந்தால் அது ஆலோசனை ஆகாது. அதை உங்கள் சித்தப்பாவே இலவசமாகச் சொல்வார். ஒருமுறை போய்விட்டு ‘ஒண்ணும் ஆகல’ என்று விட்டுவிடவும் வேண்டாம். மூன்று சந்திப்பு வரை பாருங்கள். அதற்குப் பிறகும் அவரிடம் பேசவே மனம் வரவில்லையென்றால், ‘வேற யாரையாவது பாக்கலாமா மேம்?’ என்று கேட்கலாம். அனுபவமுள்ளவர்கள் இதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பேசிப் பேசித் தீர்க்க முடியாத விஷயங்களும் உண்டு. ஆலோசனை அறையின் பெயரால் மாணவர்களை ஏமாற்றுவது பெரும்பாலும் இங்கேதான். ராகிங் நடக்கிறது என்றால் தேவை மூச்சுப் பயிற்சி இல்லை, புகார். தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிமுறைகளும் உள்ளன, 1800-180-5522 என்ற இலவச எண்ணும் உண்டு. பாலியல் தொல்லை என்றால் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை அவகாசம் நீட்டிக்கப்படலாம். சாதியைச் சொல்லி ஒதுக்குகிறார்கள், ப்ராஜெக்ட் குழுவில் சேர்க்க மறுக்கிறார்கள் என்றால் எஸ்.சி./எஸ்.டி. பிரிவும் சம வாய்ப்பு மையமும் இருக்கின்றன. கவுன்சிலர் உங்களுக்குத் துணையாக இருக்கலாம், புகார் எழுதும் மனத்தெம்பைத் தரலாம். புகாருக்குப் பதிலாக அவர் இருக்க முடியாது. ‘நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்’ என்று சொல்லும் கவுன்சிலர் யாருக்காக வேலை பார்க்கிறார் என்பது தெரிந்துவிடும்.

பணக் கஷ்டமும் அப்படித்தான். கட்டணம் கட்ட முடியாமல் தூக்கம் போனவருக்கு முதல் மருந்து உதவித்தொகை விண்ணப்பம். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் உங்களுக்கு வருகின்றனவா என்று அலுவலகத்தில் கேளுங்கள். நல்ல கவுன்சிலர் இதையும் விசாரிப்பார்.

மாத்திரை என்றதும்

கவுன்சிலர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம் இல்லை. சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல் ஆகிவிட்டது. 1794-இல் தொடங்கிய நாட்டின் பழைய மனநல நிறுவனங்களில் ஒன்று அங்கே இருக்கிறது, அதுதான் காரணம். அந்தப் பழியைப் படித்தவர்களும் சுமக்கிறார்கள்.

மருத்துவர் முதலில் தைராய்டு, ரத்தசோகை போன்றவற்றுக்குப் பரிசோதனை எழுதக்கூடும். உடல் காரணம் மனச்சோர்வு போலத் தோன்றுவது உண்டு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இப்போது பரவலாகத் தரப்படும் மாத்திரைகள் தூக்க மாத்திரைகள் அல்ல, போதை தருவனவும் அல்ல. போட்ட மறுநாளே வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம், சிலருக்கு இன்னும் கூடுதலாக. முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுக் கலக்கம் வரலாம், பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். பலர் இந்த இடத்தில்தான் ‘இது நமக்கு ஒத்துக்கல’ என்று விட்டுவிடுகிறார்கள். பக்கவிளைவு மட்டும் தெரிந்து பலன் தெரியாத நாட்கள் அவை. பதற்றம் திடீரென்று கூடினாலோ விபரீத எண்ணங்கள் அதிகமானாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மருத்துவர்தான் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். பரோட்டாக் கடைப் பக்கத்து மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி வாங்குவதும், அறைத் தோழரின் மாத்திரையைக் கடன் வாங்குவதும் கூடவே கூடாது.

இரண்டு நிலைமைகளில் கவுன்சிலருக்காகக் காத்திருக்காமல் நேரே மனநல மருத்துவரிடம் போக வேண்டும். ஒன்று, யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்று உறுதியாக நம்புவது. இந்த வகை நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான், அதாவது சரியாகக் கல்லூரி வயதில். வீட்டில் செய்வினை என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் மாதங்கள் கடந்துவிடும். சீக்கிரம் தொடங்கும் சிகிச்சைக்குப் பலன் அதிகம். இரண்டு, நாட்கணக்கில் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல், நிறுத்தாமல் பேசிக்கொண்டு, இருக்கிற காசையெல்லாம் செலவழித்துக்கொண்டு திரிவது. நண்பர்கள் ‘செம எனர்ஜில இருக்கான்’ என்று ரசித்துக்கொண்டிருப்பார்கள்.

கல்லூரிக்கு வெளியே

14416 என்பது ‘டெலி மானஸ்’ எண். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். தேவைப்பட்டால் உளவியலாளருக்கோ மனநல மருத்துவருக்கோ இணைப்பார், பக்கத்து அரசு மருத்துவமனைக்கும் வழிகாட்டுவார். லைன் கிடைக்கவில்லையென்றால் இன்னொரு முறை போடுங்கள். விடுதியில் தனிமை கிடைக்காது என்பவர்கள் மொட்டை மாடியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசுங்கள். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை உண்டு. தேர்வு முடிவு வரும் நாட்களில் மாணவர்களுக்கென்றே அதில் ஆட்கள் இருப்பார்கள்.

சென்னையில் 1986 முதல் இயங்கும் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் பேசுகிறார்கள். எண் 044-24640050. அவர்கள் உபதேசம் செய்வதில்லை, பொறுமையாகக் கேட்பார்கள். சில இரவுகளுக்கு அதுவே போதும்.

நேரில் பார்க்க வேண்டும், கையில் காசு இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுதான் சரியான இடம். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள், ஆதார் எடுத்துப் போங்கள். கூட்டம் இருக்கும், முதல் நாள் அரை நாள் போய்விடும், மருத்துவர் உங்களோடு முக்கால் மணி நேரம் பேச மாட்டார். ஆனால் நோயைச் சரியாகக் கணிப்பார், மாத்திரை அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். வாராந்தரப் பேச்சுக்குக் கல்லூரிக் கவுன்சிலர், மாதமொருமுறை மாத்திரைக்கு ஜி.ஹெச். என்று வைத்துக்கொண்டால், என் கணக்கில் இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருப்பார்கள், குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். தனியாரிடம் போனால் சென்னை, கோவை போன்ற ஊர்களில் ஓர் அமர்வுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். மாணவர்களுக்குக் கட்டணத்தைக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். வீட்டில் மருத்துவக் காப்பீடு இருந்தால் அதையும் விசாரியுங்கள். உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது.

தோழர் ஒருவர் சொன்னால்

கவுன்சிலரிடம் போவதற்கு முன் பெரும்பாலானவர்கள் சொல்வது அறைத் தோழரிடம்தான், அதுவும் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல். நேராகக் கேளுங்கள்: ‘செத்துடலாம்னு தோணுதாடா?’ கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை. கேட்பதால் எண்ணம் வருவதில்லை, சுமைதான் கொஞ்சம் இறங்குகிறது. ஆமாம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கு ஏதாவது கையில் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். வைத்திருந்தால் அதை அங்கிருந்து அகற்றுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். ‘யார்கிட்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு’ என்பார். சத்தியம் செய்யாதீர்கள். ‘உன்னோடவே இருப்பேன், ஆனா இதை நான் மட்டும் வெச்சுக்க மாட்டேன்’ என்று சொல்லுங்கள். அவருக்கு ஒத்துவரும் ஒரு பெரியவரைச் சேர்ந்து முடிவு செய்யலாம். அக்காவோ, வார்டனோ, ஊர்க்காரப் பேராசிரியரோ. ஸ்பீக்கரில் போட்டு 14416-ஐ இருவருமாகக் கூப்பிடலாம். ஏதாவது செய்துகொண்டுவிட்டார் என்றால் 108, உடனே. ‘நல்லாத்தானே இருக்கான்’ என்று தோன்றினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சில பாதிப்புகள் வெளியே தெரிய நேரமாகும்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து வீட்டிலும் விடுதியிலும் மறைப்பார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-ஆம் பிரிவே இல்லை. மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தரலாம், ஒருவர் வந்து விசாரித்துப் போகலாம். அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

காகித வேலை

மனநலம் சரியில்லாமல் போன நாட்கள் அட்டெண்டன்ஸில் விழுந்திருக்கும். பல பல்கலைக்கழகங்களில் 75 சதவீதம் இல்லாவிட்டால் தேர்வு எழுத முடியாது. மருத்துவக் காரணத்துக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. மருத்துவரிடம் சான்றிதழ் கேட்கும்போது நோயின் பெயர் எழுத வேண்டாம், ‘சிகிச்சையில் இருந்தார், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை ஓய்வு தேவைப்பட்டது’ என்று எழுதினால் போதும் என்று கேளுங்கள். துறை அலுவலகத்தில் அந்தத் தாளை எத்தனை பேர் புரட்டுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். செமஸ்டரைத் தொடரவே முடியாது என்றால், வராமல் நின்றுவிடாதீர்கள். ‘பிரேக் ஆஃப் ஸ்டடி’ என்று முறைப்படி விண்ணப்பிக்க வழி இருக்கிறதா என்று விதிமுறைப் புத்தகத்தைப் பாருங்கள். முன்கூட்டியே விண்ணப்பித்தவர் திரும்பி வந்து சேர்வதற்கும், சொல்லாமல் நின்றவர் சேர்வதற்கும் அலைச்சலில் பெரிய வித்தியாசம் உண்டு.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் அந்த இரண்டு மாதத்துக்கு என்ன ஏற்பாடு என்று கவுன்சிலரிடம் ஏப்ரலிலேயே பேசிவிடுங்கள். போனில் பேசலாமா, ஊரில் யாரைப் பார்ப்பது என்று அவர் சொல்வார். கடைசி ஆண்டு என்றால் இன்னும் ஒரு வேலை. டி.சி.யும் மார்க் ஷீட்டும் வாங்க அலையும் அதே வாரத்தில், இதுவரை என்ன பேசினோம், என்ன உதவியது என்று அடுத்து பார்க்கப்போகிறவருக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். மாத்திரைச் சீட்டுகளைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலோ ஒசூரிலோ வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் புது மருத்துவரைத் தேடிப் பிடித்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல உங்களுக்கு நேரம் இருக்காது. கையில் ஒரு மாதத்துக்கான மாத்திரை இருக்கும்படி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.